பிரேக் தட்டில் பட்ட எண்ணெய்

முழங்கால் தோல் உரிந்து ரத்தம் வழிய, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கஜேந்திரன் ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டுக்குத் திரும்பி வந்தபோது அவன் மனைவி கோகிலா உலை வைத்துக்கொண்டிருந்தாள். கஹவத்தை டவுனில் ஹாட்வெயார் கடை வேலைக்கென்று அவன் கிளம்பிக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

"பிரேக்கே புடிக்கல புள்ள. கீழ மெயின் ரோட்டுல லொறி வருது. ரப்பர் மரத்துல கொண்டுபோய் மோதுனேன், இல்லாட்டி இந்நேரம்..." அவன் முடிக்கவில்லை. "எல்லாம் புவாட்டு சர்வீஸ் பண்ணுன லட்சணம். வா, கேட்டுட்டு வருவோம்."

கோகிலாவின் கண் சைக்கிளின் பிரேக் தட்டுக்குப் போனது. டவுனில் சைக்கிள் கடை வைத்திருக்கும் புவாட் அதை சர்வீஸ் செய்தது போன வாரம். நேற்று ஆயுத பூஜை. பால்வெட்டுக் கத்தி, வாளி, மண்வெட்டி என்று எல்லாவற்றையும் கழுவித் தேங்காய் எண்ணெய் தடவிப் பொட்டு வைத்தவள், சைக்கிளை மட்டும் விடுவாளா? ஜப்பானில் யாரோ ஓட்டிக் கழித்த மலைச் சைக்கிள் அது. முன்னும் பின்னும் இரண்டு சில்லிலும் பிரேக் பிடிக்கிற இரும்புத் தட்டு மங்கிக் கிடந்தது. பழந்துணியில் எண்ணெய் தொட்டு, முகம் தெரிகிற அளவுக்குத் தேய்த்தாள். இவரை ஒரு குறையும் இல்லாமல் கொண்டுபோய்க் கொண்டுவா என்று அதைத்தான் விழுந்து கும்பிட்டாள்.

டவுனில் புவாட் சில்லைக் கழற்றி, பிரேக் பேட்டை உருவி மூக்கருகே கொண்டுபோனார். சில்லின் அச்சில் சந்தனப் பொட்டு காய்ந்திருந்தது. அதைப் பார்த்தார், பிறகு கோகிலாவைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"பேட் எண்ணெய குடிச்சிட்டு. கழுவினாலும் இனி சரிவராது. புதுசு கொழும்பிலருந்து எடுக்கோணும். அது வார மட்டும் ஓட வாணாம், தள்ளிட்டுப் போங்க."

"எண்ணெ எப்புடிப் பட்டுச்சு?" என்றான் கஜேந்திரன்.

"என்ட கையால பட்டிருக்கும்."

கஜேந்திரன் கொஞ்சநஞ்சமா கத்தினான்? பஸ்ஸுக்கு நின்ற சனமெல்லாம் கூடிவிட்டது. எல்லாருக்கும் விளங்க வேண்டுமென்று சிங்களத்திலும் ஒருமுறை திட்டித் தீர்த்தான். இருபது வருஷமாகக் கடை வைத்திருக்கிற மனுஷன் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். எண்ணெய் தடவியது தான்தான் என்று கோகிலா சொன்னால், புருஷனை லொறிக்கடியில் அனுப்பப் பார்த்தவள் என்றாகிவிடும். இனி இவன் தன் கையால் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடிப்பானா? அந்தப் பயத்தில் அவள் வாயைத் திறக்கவே இல்லை.

வீட்டுக்குத் திரும்புகிற ஏற்றத்தில் பாதி வழி வந்ததும் அவளால் தாங்க முடியவில்லை.

"நான்தாங்க எண்ணெ தடவுனேன். பூஜைக்கு."

அவன் நின்றுவிட்டான்.

"புவாட் நானாவுக்குத் தெரியுமா?"

"பொட்டப் பாத்தாருங்க."

"அங்கயே ஏன் சொல்லல?"

அவன் அடித்திருந்தால்கூட அவளுக்கு ஆறியிருக்கும். கத்தவும் இல்லை. கடைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். சற்றுமுன் கத்திக் கத்திச் சிவந்த முகம் சுண்டிப்போயிருந்தது. சைக்கிளை அவள் கையில் திணித்து, "புடி" என்றான். காலை நொண்டிக்கொண்டே கடையை நோக்கி இறங்கத் தொடங்கினான்.

கோகிலா இரண்டு பிரேக்கையும் விரல் வெளுக்க இறுக்கிப் பிடித்தாள். சில்லு நிற்கவில்லை. மெல்ல மெல்ல அவளையும் இழுத்துக்கொண்டு, அவன் போகிற பக்கமே உருண்டது.