ஹம்சா சொன்ன எடை

மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட பெண்களுக்கென்று ஹுசைன் சாகரில் படகுப் பயிற்சி தொடங்கியபோது நான் சேர்ந்ததற்குக் காரணம் என் இடது கை. அறுவை சிகிச்சையில் அக்குளின் நிணநீர் முடிச்சுகளை எடுத்தபின் அது அடிக்கடி வீங்கியது. துடுப்புப் போட்டால் வீக்கம் வடியக்கூடும் என்று டாக்டர் சொன்னார். வேறு எதிர்பார்ப்பு இல்லை.

பத்துப் பேர் உட்காரும் நீளப் படகு. ஒரு பலகைக்கு இருவர், ஆளுக்கொரு பக்கம். இருவர் எடையும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால்தான் படகு சாயாது. அதனால் பயிற்சியாளர் சலீம் முதல் நாள் எடை பார்க்கும் மெஷினைக் கொண்டுவந்தார். ஒருத்தியும் ஏறவில்லை.

"கீமோ வார்டுல ஏறி இறங்கினது போதாதா? நக்கோ பாய், மெஷின் வேணாம், வாயாலயே சொல்லிடறோம்" என்றாள் ஹம்சா.

சலீம் ஒத்துக்கொண்டார். பெண்கள் எப்படியும் குறைத்துத்தான் சொல்வார்கள் என்று எல்லோருக்கும் மூன்று கிலோ கூட்டிக்கொண்டதாகப் பிற்பாடு அவரே சொன்னார். ஹம்சா எழுபத்திரண்டு என்றாள், நான் எழுபத்தொன்று என்றேன். எங்களை நடுப்பலகையில் ஜோடி சேர்த்தார்.

ஹம்சா பாலாநகரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவள். என்னைவிடச் சின்னவள். வேலூர்ப் பக்கத்துக் குடும்பம், செகந்திராபாத் வந்து மூன்று தலைமுறை. வாய் ஓயாது. "அக்கா, நீ தண்ணிய இழுக்கறியா, இல்ல தோசைக்கு எண்ணெய் தடவறியா?" என்பாள்.

கரையில் பழகி முடித்து, செப்டம்பரில் முதன்முறையாகத் தண்ணீரில் இறங்கினோம். விநாயகர் சிலைகளைக் கரைத்து முடித்திருந்த நேரம், துடுப்பில் வைக்கோலும் சாமந்தியும் மாட்டின. படகு என் பக்கமாகச் சாய்ந்தது.

"யாரு மா பொய் சொன்னது?" என்று பின்னாலிருந்து சலீம் கத்தினார்.

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். முன்பலகை ஸ்ரீலேகா, "ஜெனிட்டா ஆன்ட்டி, அது எப்பப் பாத்த எழுபத்தொண்ணு? கல்யாணத்துக்கு முன்னாடியா?" என்று கேட்டாள்.

படகு குலுங்கச் சிரித்தார்கள். ஹம்சாவின் சிரிப்புதான் பெரிது. "ஹவ், சரிதான், அக்கா சர்ச்சுக்குப் போற ஆளு, பொய் சொல்லாது. கையில இருக்கற பைபிள் வெயிட்ட சேக்காம விட்டிருக்கும்."

நானும் சிரித்தேன். ஆனால் என் எடை எழுபத்தொன்றுதான் என்று எனக்குத் தெரியும். ஞாயிறுதோறும் ஆராதனைக்குக் கிளம்புமுன் மெஷினில் ஏறிப் பார்த்துவிடுவேன். என் அக்கா லோயிஸ் இதே நோயில் போனவள். அவள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ரவிக்கைகளை மட்டும் ஒவ்வொன்றாகப் பிடித்துத் தைத்துக்கொண்டே வந்தாள். எங்களைப் போன்றவர்கள் எடையைக் குறைத்துச் சொன்னால் அது ஆசை. கூட்டிச் சொல்ல ஒரே காரணம்தான் உண்டு.

கரையேறியதும் பார்த்தேன். ஹம்சா லைஃப் ஜாக்கெட்டின் பட்டைகளைக் கடைசி வரை இறுக்கி, மீதியைச் சுருட்டி உள்ளே செருகியிருந்தாள்.

"எவ்வளவுளா குறைஞ்சிருக்கு?" என்று கேட்டேன்.

"என்ன குறைஞ்சிருக்கு?"

"என்னட்ட நடிக்காத."

"சுகர் க்கா. சோத்த விட்டுட்டேன்."

"நேத்து எல்லாத்துக்கும் எலுமிச்சம்பழச் சோறு கொண்டாந்தியே?"

"கொண்டாந்தேன். தின்னேன்னு சொன்னனா?" பட்டையை அவிழ்த்தபடியே பேசினாள். "டிசம்பர் போட்டி முடியட்டும், போய்க் காட்டறேன். இப்ப போனா என்னப் படகுல விடமாட்டாங்க. வீட்டுல எனக்குக் கஞ்சியும் தலகாணியும்தான். இங்கதான் ஒழுங்கா திட்டு வாங்கறேன்."

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வாரியா, இல்ல இப்பமே சலீம்ட்ட சொல்லட்டா?"

"மிரட்டறியா?"

"ஆமா."

அவள் ஜாக்கெட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். "காலையில வா. சீக்கிரம் வா, மனசு மாறிடும்" என்றாள்.

போனோம். ஸ்கேன் எடுத்தார்கள். கல்லீரலுக்குப் பரவியிருந்தது. டாக்டர் மருந்துகளைப் பற்றி விளக்கிக்கொண்டிருக்கும்போதே ஹம்சா குறுக்கிட்டுப் படகில் போகலாமா என்று கேட்டாள். உடம்பு இடம் கொடுக்கும்வரை போகலாம் என்றார் அவர்.

லிஃப்டில் இறங்கும்போது, "படகுல விடுவாங்கன்னு தெரிஞ்சிருந்தா அன்னிக்கே நிஜ எடையச் சொல்லியிருப்பேன்" என்றாள்.

சலீமிடம் அவளே போய்ச் சொன்னாள். அவர் ஆளை மாற்றவில்லை. என்னைப் பலகையில் ஒரு கையகலம் உள்ளே தள்ளி உட்காரச் சொன்னார். படகு நேராகிவிட்டது. நவம்பரில் இன்னும் கொஞ்சம் உள்ளே நகர்ந்தேன். போட்டி நாளில் எங்கள் தோள்கள் உரசிக்கொண்டிருந்தன. அவ்வளவு உள்ளேயிருந்து நீருக்கு எட்டித் துடுப்புப் போட என் கைக்குச் சிரமமாக இருந்தது. கடைசிக்கு முந்தின இடத்தில் வந்தோம்.

"கடைசி இல்லல்ல?" என்று மூச்சிரைக்கக் கேட்டாள்.

"இல்ல."

மார்ச்சில் இறந்தாள். அடக்கமெல்லாம் முடிந்த மறுவாரம் சலீம் என் பக்கத்தில் நீலா என்ற புதிய பெண்ணை உட்காரவைத்தார். கனத்த உடம்பு. பலகையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். கரையை விட்டதும் படகு அவள் பக்கம் சாய்ந்தது. "என்னாலயா ஆன்ட்டி?" என்று கேட்டாள்.

நான்தான் பழக்கத்தில் இன்னும் உள்ளே தள்ளியே உட்கார்ந்திருந்தேன்.

"உன்னால இல்லம்மா" என்று சொல்லிவிட்டு ஓரத்துக்கு நகர்ந்தேன்.