பத்து நாள் இருட்டு

இருட்டுப் பெட்டியிலிருந்து எடுத்த கண்ணாடித் துண்டின்மேல் அவள் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டாள். சொட்டு பரவவில்லை, உருண்டு திரண்டு அப்படியே நின்றது.

ஆய்வுக்கூடத்தில் அவள் வேலையே அதுதான். கண்ணாடிமேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பூச்சு. வெயில் பட்டுவிட்டால் தண்ணீர் அதன்மேல் சீராக விரிந்து ஓடிவிடும்; எத்தனை மழை பெய்தாலும் கண்ணாடி தெளிவாக இருக்கும். இருட்டில் கிடந்தால் பழைய குணம் திரும்பி, தண்ணீர் சொட்டுச் சொட்டாக அப்பிக்கொள்ளும். அதற்கு மாதக்கணக்காகும் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். பத்தே நாளில் திரும்பியிருந்தது.

அவள் கணவன் தண்ணீர் லாரி ஓட்டுகிறவன். மழையில் பக்கக் கண்ணாடி தெரிவதில்லை என்று அவன் புலம்பியதைக் கேட்டு, யாருக்கும் தெரியாமல் அந்தப் பூச்சை எடுத்துப்போய்ப் பூசிக் கொடுத்தவள் அவள். முன்பெல்லாம் இறங்கி ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் வண்டியைப் பின்னால் எடுப்பான். பூச்சு வந்தபிறகு, "இறங்கவே வேணாம், பின்னாடி எறும்பு போனாக்கூடத் தெரியுது" என்று கண்டவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டான்.

லாரி பத்து நாளாகப் பட்டறையின் இருட்டுக் கொட்டகையில் கிடந்துவிட்டு இன்றுதான் வெளியே வந்திருக்கிறது. விடிந்ததிலிருந்து மழை. முதல் நடை பள்ளிக்கூடத்துக்கு. மணி எட்டரை; பிள்ளைகள் வந்துசேரும் நேரம்.

போன் செய்தாள். எடுக்கவில்லை. ஓட்டும்போது போனைத் தொட்டால் கையை ஒடிப்பேன் என்று சொல்லி வைத்தவளும் அவள்தான். பள்ளிக்கூடத்துக்கு அடித்தாள். இரண்டுமுறை விரல் தப்பான எண்ணில் விழுந்தது.

காவலாளி எடுத்தார். "தண்ணி லாரியாம்மா? இப்பதான் உள்ள வந்துச்சு. ரிவர்ஸ் எடுக்குறாரு."

"அண்ணே, நிறுத்தச் சொல்லுங்க! ஓடுங்கண்ணே!"

ரிசீவர் மேசைமேல் விழுந்தது. மழைச் சத்தம். அதற்குள் லாரி பின்னால் நகரும் ஒலி: கீக், கீக். மேலதிகாரி அம்மாள் பக்கத்தில் வந்து நின்று ஏதோ கேட்டது அவள் காதில் ஏறவில்லை. கீக். கீக். பிறகு நின்றது. எதனால் நின்றது?

எவ்வளவு நேரம் கழித்தோ, கணவனே அவன் போனிலிருந்து கூப்பிட்டான்.

"பின்சக்கரத்துக்கு ரெண்டடி தூரம்டி. ஒரு பொண்ணு, குனிஞ்சு ஷூ லேஸ் கட்டிக்கிட்டு இருந்துச்சு."

"ஒண்ணும் ஆகலையே?"

"ஆகல. வாட்ச்மேன் கத்தினதும் நிறுத்திட்டேன். கண்ணாடியில ஒண்ணுமே தெரியல. தெரியலன்னு தெரிஞ்சும் எடுத்தேன்."

என்னாலதான் என்று சொல்ல வாயைத் திறந்தாள். அம்மாள் அந்தக் கண்ணாடித் துண்டைக் கையில் எடுத்து, அதையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போனுக்குள் ஒரு சின்னக் குரல் கேட்டது. "டிரைவர் மாமா, ஏன் சேத்துல உக்காந்திருக்கீங்க?"

மழையின் சத்தம் சட்டென்று மாறியது. விரித்த குடைத்துணிமேல் விழுகிற சத்தமாக, மிக அருகில்.