முதலில் வந்த ஆள்

நாற்சந்தி நடுவில், ரொட்டிமாவு பிசையும் மரத்தொட்டிக்குள் கிடந்த குழந்தையைக் கண்டதும் பள்ளிக்கூட வாத்தியார் விதோயேவின் தொப்பி ஒரு முழம் எழும்பித் தரையில் விழுந்தது. ஓநாயையே முறைத்து விரட்டியவர் என்று அந்த மலைச்சரிவு முழுக்கப் பெயர் வாங்கியவர். விடிகாலைப் பனியில் குழந்தை அசையவில்லை. செத்துக் கிடக்கிறதோ என்று அவர் பதறிக் குனிந்தபோது, பக்கத்துப் புதரைக் கிழித்துக்கொண்டு ராதிசாவ் வெளியே வந்தான்.

ராதிசாவ்! இரு வீட்டு எல்லையில் நின்ற ஒற்றைப் பிளம் மரத்துக்காக வாத்தியாரோடு பேச்சை அறுத்துக்கொண்டவன். அறுத்ததோடு விட்டானா? தன் கடாப் பன்றிக்கு 'வாத்தியார்' என்று பெயர் சூட்டி, சாயங்காலமானால் ஏழு ஊருக்கும் கேட்கிற மாதிரி, "வாத்தியாரே, கொழுப்பு ஏறிச்சா?" என்று விசாரிப்பான்.

இப்போது அவன் முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. "அடக் கடவுளே, நீங்களா? இந்த ஊர்ல நடக்கிறதுக்கு வேற காலே இல்லையா?"

"நான் நடந்தது குத்தமாய்யா? பச்சப்புள்ளையை ஏன்யா குளிர்ல போட்டிருக்க?"

புதருக்குள்ளிருந்து ஒரு விசும்பல் மட்டும் வந்தது. அவன் மருமகள் ஸ்தாமென்கா. முன்னால் பிறந்த இரண்டும் நடை பழகுமுன்பே போய்விட்டன. வாத்தியாருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பிள்ளை தங்காத வீட்டில் ஞானத்தந்தையை மாற்ற வேண்டும் என்பது ஊர் வழக்கம். அடுத்த பிள்ளையை நாற்சந்தியில் கிடத்தி, முதலில் வருகிறவரையே 'கூம்', அதாவது ஞானத்தந்தை, ஆக்க வேண்டும். அவர் மறுத்தால் இதுவும் தங்காது. பெயர் வைப்பதும் அவர்தான். அதில் வீட்டார் வாயே திறக்கக் கூடாது.

ராதிசாவ் சேற்றில் மண்டியிட்டான். "கடவுள் பேரால, புனித யோவான் பேரால, உங்களை கூமிம்."

கூமிம், கூமிஷ், கூமி. வேண்டுகிறேன், வேண்டுகிறாய், வேண்டுகிறான். கூரை ஓடு பெயருமளவுக்குப் பிள்ளைகளைக் கத்தவிட்டு அவர் கற்பித்த வினைச்சொல். லத்தீனில் 'உடன்தகப்பன்' என்றிருந்தது தேய்ந்துதான் 'கூம்' ஆனது, அதிலிருந்து பிறந்ததுதான் இது என்று பிரம்பை ஆட்டி விளக்குவார். வெறும் கெஞ்சல் இல்லை. உறவையே நடுவில் வைத்து ஒருவன் கையைக் கட்டிப்போடுவது. கரும்பலகையில் எவ்வளவு சாதுவாகக் கிடந்த சொல்! அவரைப் பார்த்து இதுவரை ஒரு ஈகூட அதைச் சொன்னதில்லை.

குழந்தையின் உதடு நீலம் பாரித்திருந்தது. சட்டென்று வாரியெடுத்துத் தன் கம்பளிக் கோட்டுக்குள் பொதிந்துகொண்டு தேவாலயத்தை நோக்கி நடந்தார்.

அவருடைய தொப்பியை இரண்டு கைகளிலும் ஏந்தியபடி ராதிசாவ் பின்னால் ஓடிவந்தான். "வாத்தியாரே, அந்தப் பன்னி பேரை மனசுல வெச்சுக்கிட்டு எம் பேரனுக்கு..."

"வாயைப் பொத்து. பெத்தவளே பேசக் கூடாது. நீ வெறும் தாத்தா."

ராதிசாவின் தொழுவத்தைக் கடக்கும்போது உள்ளேயிருந்து பன்றி உறுமியது. "உஷ்! வாத்தியாரே, சும்மா இரு..." என்று தொடங்கியவன், நாக்கைக் கடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டான்.

விதோயேவும் நின்றார், ஆனால் திரும்பவில்லை. கோட்டுக்குள் ஒரு சின்னக் கை, மை ஊறிய அவர் விரலைப் பிடித்து இழுத்து, பசியோடு சப்பத் தொடங்கியிருந்தது.