பெர்னடீனுக்குத் தெரியாமல் எட்டு பிஸ்டன்

நார்பர்ட் விஷ்னெவ்ஸ்கி தன் பழைய பிக்கப் வண்டியின் ஆறு சிலிண்டர் இன்ஜினைக் கழற்றிவிட்டு, காயலான் கடையில் கிடைத்த எட்டு சிலிண்டர் இன்ஜினை வீட்டு ஷெட்டிலேயே பிரித்துச் சரிசெய்து மாட்டப் போவதாக மே மாதத்தில் அறிவித்தார். அவர் மனைவி பெர்னடீன் "ம்" என்றாள். அந்த ஒரு "ம்" மனிதரை ஐந்து மாதம் ஆட்டிவைத்தது.

காரணம் இல்லாமல் இல்லை. நார்பர்ட் முப்பது வருடம் பே சிட்டி என்ற ஊரில் வீடு வீடாகத் தபால் கொடுத்தவர். பெர்னடீனோ இன்ஜின் ஆலையில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அவள் வாயால் ஒரு தடவை "நல்லா பண்ணியிருக்கே" என்று கேட்டுவிட வேண்டும். இன்ஜினை விட அவருக்கு அதுதான் முக்கியம். ஆனால் அவளிடம் ஒரு சந்தேகம் கேட்கக்கூட மனசு வரவில்லை. கேட்டால் மானம் போய்விடுமாம்!

அதனால் எல்லாமே திருட்டு வேலைதான். அவள் கடைக்குப் போன நேரம் பார்த்துக் பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரின் பாகங்களைப் பாத்திரம் கழுவும் மெஷினில் போட்டார். ஒரு வாரம் காபியில் பெட்ரோல் வாடை. ஆலையில் பெர்னடீனின் வேலையே சிலிண்டருக்குள் பிஸ்டன் இறக்குவதுதான் என்பதால், தன் எட்டு பிஸ்டன்களையும் அவள் பிங்கோ ஆடப் போகும் செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் இறக்கினார். செவ்வாய்க்கு இரண்டு வீதம் நான்கு வாரம்.

"என்ன, வேற எவளையாவது ஷெட்டுல வெச்சிருக்கியா?" என்றாள் பெர்னடீன்.

"சும்மா இரு."

"நகமெல்லாம் கிரீஸ், மூஞ்சியில திருட்டு முழி. வேற என்ன நினைக்கிறது?"

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை இன்ஜின் வண்டிக்குள் இறங்கியது. ஒரு வீட்டில் புது இன்ஜினை முதன்முதலாக ஓட்டுகிறார்கள் என்றால் அந்தத் தெருவே பீர் பாட்டிலோடு வந்து நிற்கும். இன்ஜின் தூக்கும் ஹாய்ஸ்ட்டை இரவல் கொடுத்த அடுத்த வீட்டு டுவெய்ன் முன்வரிசையில் நின்றான். அவனுக்குப் பக்கத்தில் பெர்னடீன்.

நார்பர்ட் சாவியைத் திருப்பினார். இன்ஜின் முக்கியது, முனகியது, பிறகு கார்புரேட்டர் வாய் வழியாக 'டப்'பென்று தீயைக் கக்கியது.

"வாத்தியாரே, இன்ஜின் மாட்டுனியா, கறி சுடுற அடுப்பு மாட்டுனியா?" என்றான் டுவெய்ன்.

எல்லாரும் சிரித்தார்கள். மறுபடி சாவி, மறுபடி தீ. "வீட்டுலயே இன்ஜின் டாக்டரம்மாவ வெச்சிக்கிட்டு ஏன்யா திண்டாடுற? பெர்னடீனைக் கேளு!" என்றான் டுவெய்ன்.

நார்பர்ட்டுக்குக் காது சிவந்தது. ஐந்து மாதமாகக் கட்டிக் காத்த மானத்தை ஊர் பார்க்க இறக்கிவைத்தார்.

"பெர்னி, என்ன தப்பு பண்ணியிருக்கேன்? சொல்லு."

"எனக்கு எப்படித் தெரியும்?"

"விளையாடாதே. இருபத்தாறு வருஷம் இன்ஜின் கட்டியிருக்கே."

"பிஸ்டன் இறக்கியிருக்கேன்" என்றாள் பெர்னடீன். "இறக்குனதும் இன்ஜின் பெல்ட்டுல ஏறிப் போயிடும். ஓட்டிப் பாக்குறது அடுத்த கட்டடத்துல. பிரிச்சுக் கெடந்த இன்ஜின் ஒண்ணு உசுரு வந்து ஓடுறத நான் பாத்ததே இல்ல நார்ப். இதையாவது பாக்கலாம்னு மே மாசத்துலேருந்து காத்துக்கிட்டிருக்கேன். நீதான் ஷெட்டுக் கதவ மூடிக்கிறே."

நார்பர்ட்டுக்கு வெட்கமாக இருந்தது. பரீட்சை வைக்க வந்தவள் என்று பயந்து, ஆசையாக வேடிக்கை பார்க்க வந்தவளை அல்லவா அத்தனை செவ்வாயும் ஏய்த்திருக்கிறார்! அவள் மேல் பாசம் பொங்கிவந்தது. தெரு முழுக்க நின்றதால் அடக்கிக்கொண்டார்.

"இங்க வா. விரலக் கொடு" என்றார்.

முதல் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில் அவள் விரலை வைக்கச் சொல்லிவிட்டு, வண்டிக்கு அடியில் படுத்து ஸ்பேனரால் இன்ஜினை மெல்லச் சுற்றினார்.

"காத்து தள்ளுதா?"

"இல்ல... இல்ல... ஐயோ, தள்ளுது!"

பிஸ்டன் இரண்டு முறை மேலே வரும். ஒரு முறை புகையை வெளியேற்ற, ஒரு முறை காற்றை அழுத்த. அழுத்தும்போது கொடுக்க வேண்டிய தீப்பொறியை மனிதர் புகை போகிற நேரத்துக்கு வைத்திருந்தார். எந்த சிலிண்டருக்கு எப்போது பொறி என்று பங்கிட்டுக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரைத் தூக்கி அரைச்சுற்று திருப்பி வைத்தார்.

சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொண்டது. எட்டு சிலிண்டரும் சேர்ந்து போட்ட சத்தத்தில் டுவெய்ன் ஏதோ கிண்டல் செய்தது யாருக்கும் கேட்கவில்லை.

வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட்டை நார்பர்ட் புதிதாகப் போட்டிருந்தார்; அப்படிப் போட்டால் முதல் இருபது நிமிடம் இன்ஜின் வேகம் குறையவே கூடாது. பெர்னடீன் யாரையும் கேட்காமல் கார்புரேட்டர் பக்கம் குனிந்து, வேகத்தைக் கூட்டும் திராட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டாள். பீர் தீர்ந்து கூட்டம் கலைந்தது. அவள் நகரவில்லை. நார்பர்ட் கேட்கத் தவித்த அந்த வார்த்தையை அவள் இன்னும் சொல்லவில்லை. அவருக்கு அது நினைவுக்கே வரவில்லை.

"போதும் பெர்னி, இருபது நிமிஷம் ஆச்சு!" என்று அவள் காதருகே கத்தினார்.

அவள் திரும்பினாள். கன்னமெல்லாம் நனைந்திருந்தது.

"இருபத்தாறு வருஷத்துக்கு இருபது நிமிஷம்தானா?"

நார்பர்ட் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.