பிறக்கும் முன் தைத்த சட்டைகள்

ஆவடியில் ராணுவச் சீருடை தைக்கும் தொழிற்சாலையில் பால்ராஜுக்கு இருபத்திரண்டு வருட சர்வீஸ். அத்தனை வருடமும் கால்சட்டைப் பைகள்தான். பையைத் தைத்து முடித்ததும் துணி அடுத்த மெஷினுக்குப் போய்விடும். அதனாலோ என்னவோ, வீட்டில் அவர் கைக்குழந்தைகளுக்குச் சட்டை தைத்தார். காசுக்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால், வெட்டுவதிலிருந்து நாடா வைப்பது வரை ஒரே மூச்சில் ஒரு ஜப்லா முடிந்துவிடும். பருத்திப்பட்டில் அவருடைய தெருவில் பிறந்த எந்தப் பிள்ளையும் அவர் தைத்த சட்டையைப் போடாமல் வளரவில்லை. கூட வேலை செய்கிறவர்கள் அவரை ‘ஜப்லா பால்ராஜ்’ என்றார்கள். அவருக்கு அதில் கோபம் கிடையாது.

1988-இல் மகள் ஞானகுமாரி தலைப்பிரசவத்துக்கு வந்தாள். அவள் வந்த வாரமே அவர் மெஷினுக்கு எண்ணெய் போட்டார்.

“பொறக்கறதுக்கு முன்னாடி தைக்கக் கூடாதுங்க,” என்றாள் மனைவி சாராள். “தெருவுல எல்லாத்துக்கும் பொறந்த அப்புறந்தானே தச்சீங்க?”

“அது தெருவுக்கு. இது எம்பொண்ணுக்கு. ஜெபம் பண்றவங்க ஊட்ல இன்னா சகுனம்?”

ஞானகுமாரியும் அப்பா பக்கம்தான். துணிக்கடைக்கு அவளே கூடப் போனாள். வெள்ளை மல் துணியும், மஞ்சளில் பொடிப்பூ போட்டதும் அவள் எடுத்தவை. ஒன்றுக்குத் தொப்பி வேண்டும் என்றாள். சாயங்காலங்களில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பிசிறு நூலைக் கத்தரித்துக்கொடுத்தாள். எட்டாம் மாதம் முடிவதற்குள் பதினொரு சட்டைகள்.

வானகரத்திலிருந்து மருமகன் ஜேசுராஜின் அம்மா பார்க்க வந்தபோது பதினொன்றும் துவைத்துக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன. அவள் அவற்றை ஒவ்வொன்றாக எண்ணினாள்.

“பொறக்கட்டும் சம்பந்தி. அதுக்குள்ள இன்னா அவசரம்?”

“நாந்தான் கேட்டேன் அத்தை,” என்று சிரித்தாள் ஞானகுமாரி.

பிள்ளை ஆண். அழவில்லை. தொப்புள்கொடி கழுத்தில் சுற்றியிருந்தது என்று டாக்டரம்மா சொன்னாள். யாராலும் தடுத்திருக்க முடியாது, இது எங்கேயும் நடப்பதுதான் என்றும் சொன்னாள். அந்த இரண்டாவது வார்த்தையை யாரும் காதில் வாங்கவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் சம்பந்தியம்மாள் பால்ராஜைப் பார்த்துச் சொன்னாள்: “ரெண்டு மாசமா இங்க நூல ஓட்டிக்கினே இருந்தா, அங்க கொடி சுத்தாம இன்னா பண்ணும்?”

அவர் எழுந்து வீட்டுக்குப் போய் வெள்ளைச் சட்டை ஒன்றைக் கொண்டுவந்து மருமகனிடம் நீட்டினார். ஜேசுராஜ் அதை வாங்கத்தான் கை நீட்டினான். அவன் அம்மா நடுவில் வந்து நின்றாள். பிள்ளையை ஆஸ்பத்திரித் துண்டில் சுற்றித்தான் கல்லறைக்குக் கொண்டுபோனார்கள்.

மூன்றாம் நாள் ஞானகுமாரியைப் பார்க்க வார்டுக்குள் போனார். அவள் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். பால் கட்டி, ரவிக்கையின் முன்புறம் நனைந்திருந்தது.

“நீ ஏம்பா தச்சே?” என்றாள்.

நீதானேம்மா கேட்டாய் என்பது நாக்கு நுனிவரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அதை விழுங்கினார்.

“தப்புதாம்மா,” என்றார்.

அவளைத் தேற்றத்தான் சொன்னார். ஆனால் கதவருகே சம்பந்தியம்மாள் கஞ்சிக் கிண்ணத்தோடு நின்றிருந்தாள். அவரே ஒப்புக்கொண்டார் என்ற பேச்சு வானகரத்தில் கிளம்பி, சபையைச் சுற்றி, அவர் தெருவுக்கே வந்து சேர்ந்தது. எதிர்வீட்டுப் பெண் தன் பிள்ளைக்கு அவர் கொடுத்திருந்த இரண்டு சட்டைகளைத் துவைத்து மடித்துச் சாராளிடம் திருப்பிக் கொடுத்தாள். சின்னதாகிவிட்டது என்றாள். அந்தப் பிள்ளைக்கு நாலு மாதம்.

பதினைந்து வருடம் பக்கத்து மெஷினில் உட்கார்ந்திருந்த உத்தமன், டீ குடிக்கும்போது தயங்கித் தயங்கிச் சொன்னான்: “மருமவ முழுவாம கீறா மாமே. நீ ஒண்ணும் நெனச்சுக்காத. எங்களுக்கு எதுவும் தச்சிடாத.”

“தைக்கல உத்தமா,” என்றார். அன்று வீட்டுக்கு வந்து மெஷினை மூடியவர் பிறகு திறக்கவில்லை. சாராள் ஒரு கிழிசலைத் தைக்கச் சொன்னபோதுகூட, ஊசியால் கையிலேயே போட்டுக்கொள் என்றுவிட்டார்.

ஞானகுமாரி இரண்டாவது முறை உண்டானதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. 1990-இல் பெண் பிறந்து பத்து நாள் கழித்து ஒரு கார்டு வந்தது. பார்க்கப் போனார்கள். பிள்ளை கடைச் சட்டையில் கிடந்தது. தடித்த நைலான் லேஸ் உரசிக் கழுத்து சிவந்திருந்தது.

“அந்த லேஸைப் பிரிச்சு விட்டா—” என்று பால்ராஜ் கையைக் கொண்டுபோனார்.

“நீ எதுவும் பண்ணாத அப்பா,” என்றாள் ஞானகுமாரி. அதட்டவில்லை. பயந்துதான் சொன்னாள். அது அவருக்கு அதட்டலைவிட மோசமாக இருந்தது.

பேத்தியின் முதல் பிறந்தநாளுக்கு அம்பத்தூரில் ஒரு கடையில் ஃபிராக் வாங்கினார். தையல் மட்டம். அக்குளில் ஓரத்தைச் சரியாக மடிக்கவில்லை, இரண்டு துவைப்பில் பிரிந்துவிடும். கடைக்காரர் விலைச்சீட்டைக் கிழிக்கப் போனபோது பால்ராஜ் கிழிக்க வேண்டாம் என்றார்.

“பிரசெண்டுக்குத்தானே சார்? வெல தெரியுமே.”

“தெரியட்டும்.”

வானகரத்தில் ஞானகுமாரி காகிதத்தைப் பிரித்தாள். ஃபிராக்கை விரித்துப் பார்க்கவில்லை. முதலில் கழுத்துப் பட்டியைத் திருப்பிக் கடைச் சீட்டைத் தேடினாள். சீட்டு இருந்தது.

“நல்லா கீதுப்பா,” என்று சொல்லி, அதைப் பிள்ளைக்குப் போட்டுவிட்டாள்.