வலது பக்கத்து ஸ்பிரிங்

"பெரியப்பாகிட்ட போய் ஸ்பிரிங் கிளாம்பைக் கேட்டு வாங்கிட்டு வரவாப்பா?"

"ஒண்ணும் வேண்டாம். வாங்கினதைத் திருப்பிக் குடுத்ததா அவன் சரித்திரத்துலயே கெடையாது. சளி பிடிச்சாக்கூட அவனே வச்சுக்குவான்."

"நீங்களாவது ஒரு வார்த்தை பேசலாம்ல?"

"அவன் மொதல்ல பேசட்டும். அவன்கிட்ட எதையும் கேக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணு."

நேற்று அவள் சிரித்துக்கொண்டே செய்த சத்தியம் அது.

சேர்ந்து நடத்திய பட்டறையைப் பிரித்தபோது, ஒரு வேலைக்கென்று பெரியப்பா எடுத்துப்போனது, வண்டி ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் அந்தக் கிளாம்பு. அன்றிலிருந்து அண்ணன் தம்பிக்குள் பேச்சில்லை. கிளாம்பு இல்லாமல் அப்பா பிக்கப் வண்டியின் முன் ஸ்பிரிங்கைச் சங்கிலியால் அமுக்கிக் கட்டினார். இடது பக்கம் சொன்னபடி கேட்டது. அந்தத் தைரியத்தில் வலது பக்கம் குனிந்தார். சங்கிலி நழுவியது. அமுங்கிக் கிடந்த இரும்பு அவர் நெஞ்சில் பாய்ந்தது.

இப்போது பழைய பிக்கப், முன்சக்கரம் இல்லாமல் வாசலை அடைத்து நின்றது. அவர் உடலைக் கொண்டுவந்த ஆஸ்பத்திரி வேன் தெருவிலேயே காத்துக்கிடந்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு பெரியப்பா வந்தார். கையில் கிளாம்பு. எண்ணெய் போட்டுத் துடைத்திருந்தார்.

"இப்ப எதுக்கு இது?"

"வண்டிய எறக்கணும்ல. வழி வேணுமேம்மா."

"நேத்தே கொண்டாந்திருக்கலாமே?"

"அவன் கேக்கலையே."

"நீங்களும் குடுக்கலையே!"

கிளாம்பை அவர் மேலேயே வீசலாம் போலிருந்தது அவளுக்கு. வேன் டிரைவர் கடிகாரத்தைப் பார்த்தார். அவள் கிளாம்பைப் பிடுங்கிக்கொண்டு மண்டியிட்டாள்.

"ரெண்டு பக்கமும் சமமா இறுக்கும்மா."

"தெரியும். அப்பாகூட நின்னு செஞ்சிருக்கேன்."

ஸ்பிரிங் சாதுவாகச் சுருங்கித் தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. பெரியப்பா, சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையை ஜாக்கியால் உயர்த்தினார். அவள் நட்டைப் பூட்டினாள். கிளாம்பை மெல்லத் தளர்த்தினாள். கருவி இருந்தால் இவ்வளவுதான் வேலை. பக்கத்து வீட்டுக்காரர், "அட, முடிஞ்சிருச்சா?" என்றார். அவரை அவள் பார்த்த பார்வையில் அவர் வாயை மூடிக்கொண்டார்.

சக்கரத்தை மாட்டி வண்டியை இறக்கினார்கள். வருஷக்கணக்காக மூக்கைத் தொங்கப்போட்டிருந்த வண்டி நிமிர்ந்து நின்றது. அவளே அதை ஓட்டி வெளியே நிறுத்தினாள். வேன் உள்ளே வந்தது. அப்பாவைக் கூடத்தில் கிடத்தினார்கள். அம்மாவின் குரல் ஒருமுறை உயர்ந்து அடங்கியது.

பெரியப்பா கிளாம்பைச் சுவரில் அதன் பழைய ஆணியில் மாட்டினார். கையைத் துடைத்தபடி வெளியே நடந்தார்.

"எங்க போறீங்க?"

"தெருவுலயே நிக்கிறேன்மா. நான் உள்ள வந்தா அவனுக்குப் பிடிக்காது."

அவள் கேட்டை இழுத்துச் சாத்தி, குறுக்கே நின்றாள். விரல்களில் கிரீஸ் இன்னும் ஈரமாக இருந்தது.

"உங்ககிட்ட எதையும் கேக்கக் கூடாதுன்னு அப்பா சத்தியம் வாங்கியிருக்காரு." கிரீஸ் கையாலேயே அவர் கையைப் பிடித்தாள். "கேக்குறேன். உள்ள போங்க பெரியப்பா. மொதல்ல நீங்க பேசுங்க."