அக்காவின் இழுப்பு

தம்பி செத்தபிறகுதான் அவனைப் பற்றி ஆவணப்படம் எடுக்க வந்தார்கள். உயிரோடு இருந்தபோது அவன் இசையைக் கேட்டுக் காதைப் பொத்திக்கொண்டவர்களெல்லாம் இப்போது மேதை, மேதை என்று உருகினார்கள். உருகட்டும், அக்காவுக்கு அதில் வயிற்றெரிச்சல் இல்லை. அவளுக்குச் சொல்ல ஒன்றே ஒன்று இருந்தது.

அவனுக்குப் பேர் வாங்கித் தந்த இசைத்தட்டு 'இழுப்பு'. வாத்தியம் கிடையாது, பாட்டு கிடையாது, முழுக்க ஒரு கீச்சும் கரகரப்பும். கடலின் இழுப்பு என்றார் ஒரு விமர்சகர். பூமியின் இழுப்பு என்றார் இன்னொருவர். கடலாவது, பூமியாவது! அந்த வீட்டில் இழுப்பு என்றால் அக்காவின் ஆஸ்துமா.

"மருந்து எடுத்துட்டு வாடான்னு கையைக் காட்டுறேன்," என்று கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்து சொன்னாள். "மைக்கைத் தூக்கிட்டு வந்து நிக்கிறான். 'அக்கா, இன்னும் கொஞ்சம் இழு, நல்லா வருது'ங்கிறான். எனக்குக் கண்ணு இருட்டிக்கிட்டு வருது. டேப் தீர்ந்த பிறகுதான் மருந்து வந்துச்சு. இதை மட்டும் படத்துல வைம்மா. வேற ஒண்ணும் வேணாம்."

இயக்குநர் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கண்டிப்பா வைக்கிறேன்மா."

கிளம்புமுன் ஒலிப்பதிவாளன் எல்லோரையும் அசையாமல் இருக்கச் சொன்னான். பேச்சை வெட்டி ஒட்டும்போது இடையில் நிரப்ப, அறையின் வெறும் அமைதி கொஞ்சம் வேண்டுமாம். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அழுது முடித்திருந்த அக்காவால்தான் முடியவில்லை, நெஞ்சு லேசாக இழுத்தது. திரும்ப எடுக்கச் சொல்வான் என்று பார்த்தாள். அவனோ காதில் மாட்டியிருந்த ஹெட்போனை அழுத்திக்கொண்டு, "அருமை" என்றான்.

முதல் திரையிடலுக்கு அழைப்பு வந்தது. நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு போனாள். படத்தில் விமர்சகர்கள் வந்தார்கள், கடல்கூட வந்தது. கடைசியில் அக்காவும் வந்தாள். வாய் அசைந்தது, குரல்தான் அவளுடையதில்லை. "இந்த இழுப்பு எங்கிருந்து வருதுன்னு யாருக்கும் தெரியாது. அதுதான் அதோட அழகு," என்றார் ஒரு விமர்சகர், அவள் முகத்தின் மேல்.

பிறகு தம்பியின் புகைப்படம். அதன் அடியில் மெல்ல ஓர் இழுப்பு. பழையதில்லை, அன்றைக்கு அந்த அறையில் எடுத்தது. தன் மூச்சு தனக்குத் தெரியாதா? தம்பிதான் அப்படியென்றால் இந்த இயக்குநர் பெண்ணுமா என்று நெஞ்சு கொதித்தது. கொதித்த நெஞ்சு அடைத்துக்கொண்டு, நிஜமாகவே இழுக்கத் தொடங்கியது. பையில் மருந்தைத் துழாவினாள்.

முன்னால் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

"கொஞ்சம் சத்தம் போடாம இருங்கம்மா. இசையைக் கேக்க விடுங்க."